வேலாத்தா அடித்த மருந்து

விதை இல்லீங்க பாய். இந்த வருசம் மட்டுமில்லை, இன்னும் நாலஞ்சு வருசத்துக்கு இருக்காது. வாணியம்பாடியில இருந்து கோத்தகிரிக்கு இவ்வளவு தூரம் மலையேறி வந்திருக்கறீங்க, வாசல்ல நிக்க வெச்சு இல்லைன்னு சொல்லி அனுப்பறது மரியாதை இல்லை. உள்ள வாங்க. செருப்பு இருக்கட்டுங்க, தரை ஈரம். அந்தச் சேர்ல உக்காருங்க, இது கால் ஆடும்.

போன் பண்ணிப் பாத்தீங்களா? பண்ணியிருப்பீங்க. நான் எடுக்கறதில்லீங்க. எடுத்தா யாராச்சும் துக்கம் கேப்பாங்க. கேட்டுட்டுக் கடைசியில ஒரு மாதிரி பேச்சை நிறுத்துவாங்க. அந்த நிறுத்தறது எனக்குப் புடிக்கலை.

அந்தச் சன்னல் வழியாப் பாருங்க. ஏழு கட்டை தெரியுதுங்களா? முழங்கால் உசரம் நிக்குது பாருங்க. அதுதான் நம்ம சீமை மாதுளை. உங்க கடையில பிஹிதானான்னு பொட்டலம் கட்டித் தர்றீங்களே, அத்தனையும் அந்த ஏழு மரத்து விதைதான். அறுத்துப் போட்டது வெளியாள் இல்லீங்க. எம்பொண்ணு. ஒரே பொண்ணு, கோகிலவாணின்னு பேரு. பல்லடத்துல கட்டிக் குடுத்திருக்குது. அவங்கம்மாவோட பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாள், மிசின் வெச்சு அறுக்கற ஆளைக் கூட்டிட்டு வந்து, அரை மணி நேரத்துல ஏழையும் சாச்சுப்புட்டா. நான் இந்த வாசல்லதான் நின்னுட்டிருந்தேன்.

மரம் என்ன பண்ணுச்சுங்க? நீங்க மருந்துக்கடைக்காரர், உங்களுக்குத் தெரியும். அந்த மரம் யாருக்காச்சும் கெடுதல் பண்ணுமா?

இருங்க, முதல்ல இருந்து சொல்றேன். இல்லைன்னா நீங்களும் எம்பொண்ணு பக்கம் பேசுவீங்க.

நான் டீ ஃபேக்டரியில டீ மேக்கரா இருந்தவனுங்க. இந்த அர்த்தநாரி, இலை உருட்டற ரோலர்கிட்ட நின்னா இலை பேசும்பாங்க. எங்க எஸ்டேட் பங்களாவுல ஒரு குயின்ஸ் மரம் இருந்தது. வெள்ளைக்காரத் தொரை எவனோ வெச்சது. பேருதான் சீமை மாதுளை, மாதுளைக்கும் இதுக்கும் ஒரு ஒட்டுறவும் கிடையாது. மஞ்சளா, பூனை முடியாட்ட மேல சுணை, கையில எடுத்தா கல்லு மாதிரி இருக்கும். பச்சையாக் கடிச்சா நாக்கு இழுத்துக்கும். ஆனா ஒரு பழத்தை வீட்டுக்குள்ள வெச்சாப் போதும், மூணு நாளைக்கு வீடே மணக்கும். அந்த மணத்துலதான் நான் விழுந்தது. முதுகுத்தண்டுல தட்டு நகந்து போய் நான் வேலையை விட்டு நின்னப்ப, ஒரு கட்டுக் குச்சி ஒடிச்சுட்டு வந்து இங்க நட்டேன். இருபது நட்டேன், ஏழு தழைஞ்சுது.

இந்த இடம் வேலாத்தாளோடதுங்க. எஞ்சம்சாரம். அவங்கப்பா கல்யாணத்துக்கு எழுதி வெச்சது. அவ இதுல முட்டைக்கோசும் பீன்ஸும் போட்டுட்டிருந்தா. நான் மரம் வெக்கறேன்னு சொன்னப்ப, "ஏனுங்க, அது தின்னக்கூட ஆகாதுங்களே"ன்னா. நான் சிரிச்சேன். படிக்காதவ, என்னத்தைச் சொல்றதுன்னு விட்டுட்டேன். கோசைப் புடுங்கிட்டுத்தான் குழி எடுத்தோம். எடுத்தோம்னா, எனக்கு முதுகு. அவதான் எடுத்தா.

நாலாம் வருசம் காய் புடிச்சுது. அப்பத்தான் சீக்கும் வந்தது. நம்ம மழை உங்களுக்குத் தெரியாதுங்க பாய். ஆனியில ஆரம்பிச்சா ஆடி ஆவணி விடாது, அப்பறம் ஐப்பசியில இன்னொரு தடவை. இலையில சின்னதாச் செம்புள்ளி விழும். பத்து நாள்ல மரம் மொட்டை, காயெல்லாம் வெடிச்சுக் கருத்துப் போகும். அதுக்கு மருந்து எனக்குத் தெரியும், தேயிலைக்கும் அதே மாதிரிதான் அடிப்பாங்க. மயில்துத்தமும் சுண்ணாம்பும். துத்தத்தைத் தனியாக் கரைக்கணும், சுண்ணாம்பைத் தனியா நீத்து வடிகட்டணும், ரெண்டையும் பிளாஸ்டிக் டிரம்முல சேக்கணும். சேத்துட்டு ஒரு இரும்புக் கத்தியை உள்ள விட்டு எடுத்துப் பாக்கணும். கத்தியில செம்பு படிஞ்சா இன்னும் சுண்ணாம்பு வேணும்னு அர்த்தம். அந்தப் பக்குவம் லேசுப்பட்டது இல்லீங்க. ஒரு தடவைகூட என் கலவை தப்பினதில்லை. ஒரு இலை கருகினதில்லை.

கலக்கறது நான். அடிக்கறது அவ.

பதினாறு லிட்டர் டேங்குங்க, முதுகுல மாட்டணும். எனக்கு டாக்டர் ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாதுன்னுட்டாரு. அதனால அவ மாட்டிக்குவா. இடது கையில பம்ப்பு, வலது கையில குழாய். நான் இங்க நின்னு சொல்லுவேன். அந்தப் புள்ளி இலைக்கு அடியிலதான் இருக்கும். மேல அடிச்சாப் பிரயோசனம் இல்லை. மரத்துக்கு அடியில போய் நின்னு, அண்ணாந்து பாத்து, கீழ இருந்து மேல அடிக்கணும். "இன்னும் உள்ள போ, இன்னும் உள்ள"ன்னு சொல்லுவேன். அவ உள்ள போவா. வெளிய வரும்போது முடி, புருவம், எல்லாம் நீலமா இருக்கும். பக்கத்து வீட்டுப் பசங்க கிருஷ்ணர் வேசம்னு சிரிப்பாங்க. அவளும் சிரிப்பா.

பத்து நாளைக்கு ஒருக்கா, வருசத்துல ஆறு மாசம், பதினெட்டு வருசம். மழை வந்து கழுவிட்டா மறுபடி அடிக்கணும்.

பழம் எப்படி வந்ததுன்னு ஊரைக் கேளுங்க. ஒண்ணொண்ணும் கால் கிலோவுக்கு மேல. தோட்டக்கலை ஆபீசர் வந்து பாத்தாரு. பேப்பர்க்காரங்க வந்தாங்க. அந்தாளு ஃபோட்டோ எடுக்கறப்ப, "அம்மாவும் நிக்கட்டுங்க"ன்னான். அன்னிக்குக் காத்தாலதான் அவ மருந்தடிச்சிருந்தா. கை பூரா நீலம், நகக் கண்ணெல்லாம் நீலம். ஃபோட்டோவுல அசிங்கமாத் தெரியும்னு நான்தான் உள்ள போகச் சொன்னேன். போய் டீ போட்டுட்டு வந்தா. அந்த மாதிரி மனுசிங்க அவ. ஒரு நாளும் முகம் சுளிச்சதில்லை.

இருமல் எப்ப ஆரம்பிச்சுதுன்னு சரியாச் சொல்ல முடியலை. மலையில இருமாதவங்க யாருங்க. சளின்னு நினைச்சோம். அப்பறம் ரோட்டுல இருந்து வீட்டுக்கு ஏற நாப்பத்திரண்டு படி இருக்குதில்லீங்களா, நீங்களே ஏறி வந்தீங்க. அதுல பாதியில நிக்க ஆரம்பிச்சா. அப்பறம் ரெண்டு எடத்துல நின்னா. "என்னடி, வயசாயிடுச்சா"ன்னு கேலி பண்ணுவேன். நம்ம விதையைத்தான் ஊறவெச்சுக் குடுத்தேன். ஊறினா வழவழன்னு வரும், அதுல கற்கண்டு போட்டு. இருமலுக்கு அதைவிட என்ன இருக்குதுங்க? நீங்களே அதைச் சொல்லித்தானே விக்கறீங்க. எம்மரத்து விதையையே என் கையால குடுத்தேன். அதை யாரும் சொல்ல மாட்டாங்க.

இங்க இருக்கற டாக்டர் டி.பி.ன்னாரு. சளியில கிருமி தெரியலை, ஆனாலும் படத்தைப் பாத்தா அப்படித்தான் இருக்குதுன்னாரு. ஆறு மாசம் மாத்திரை. சாப்பிட்டுட்டே மருந்தும் அடிச்சா. எளைச்சுப் போனா. டேங்குப் பட்டையை ரெண்டு ஓட்டை தள்ளி மாட்ட வேண்டியதாப் போச்சு.

அதுக்கப்பறம்தான் கோகிலவாணி வந்து புடிவாதமாக் கோயமுத்தூர் கூட்டிட்டுப் போனா. பெரிய ஆஸ்பத்திரி. நெஞ்சு டாக்டர் ஒரு பொண்ணுங்க, எம்பொண்ணைவிட வயசு கம்மி. படத்தை வெளிச்சத்துல வெச்சு நெம்ப நேரம் பாத்துச்சு. பாத்துட்டு என்னைப் பாத்து, "அம்மா என்ன வேலை பாக்கறாங்க?"ன்னு கேட்டுச்சு.

"வேலையெல்லாம் இல்லீங்க, வீட்லதான் இருக்கறா"ன்னேன்.

"பஞ்சு மில்லு, கல்லு உடைக்கற இடம், அந்த மாதிரி முன்னாடி எங்காவது?"

"எங்கயும் போனதில்லீங்க. நான் அனுப்பினதில்லை."

வேலாத்தா என்னைப் பாத்தா. கோகிலவாணி அப்ப மாத்திரை வாங்கற வரிசையில நின்னுட்டிருந்தா, கூட இல்லை. டாக்டர் பொண்ணு எழுதிக்கிச்சு. நெஞ்சுக்குள்ள குழாய் விட்டுச் சதை துளி எடுக்கணும்னுச்சு. எடுத்தாங்க. ஒரு வாரம் கழிச்சு மறுபடி போனோம். இந்தத் தடவை நானும் அவளும் மட்டுந்தான். அந்தப் பொண்ணு பேப்பரை வெச்சுட்டு, "ஐயா, இவங்க நுரையீரல்ல செம்பு இருக்குது. சதையில நீலம் நீலமாப் பொட்டு இருக்குது. செம்புப் பாத்திரப் பட்டறை ஏதாவது பக்கத்துல இருக்குதா? நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க"ன்னுச்சு.

நான் ரோசனை பண்ணினேன். பட்டறை எதுவும் இல்லை. இல்லைன்னேன். வேலாத்தா ஏதோ சொல்ல வாயெடுத்தா, அதுக்குள்ள இருமல் வந்துருச்சு. இருமி முடிச்சு நிமிரறதுக்குள்ள நாங்க வெளிய வந்துட்டோம், அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க.

இதைத்தான் பொய்ங்கறா எம்பொண்ணு. பாய், நீங்க நியாயம் சொல்லுங்க. அவங்க கேட்டது வேலை. வேலைன்னா என்னங்க? காலையில போய்ச் சாயந்தரம் வர்றது, சம்பளம் வாங்கறது. சொந்த வீட்டுத் தோட்டத்துல ஏழு மரத்துக்கு மருந்தடிக்கறது வேலையா? அதை வேலைன்னு எங்க ஊர்ல எவனும் சொல்ல மாட்டான். அவளே சொல்ல மாட்டா.

அந்த ஆனியில கோயமுத்தூர்ல இருந்து வந்த பெறகு ஒரு தடவைகூட நான் மருந்தடிக்கச் சொன்னதில்லீங்க. சத்தியமா. புள்ளி விழுந்திருந்தது. நான் தினமும் போய்ப் பாத்துட்டு வந்து இந்தச் சேர்ல உக்காருவேன். "இந்த வருசம் அவ்வளவுதான், வேலாத்தா, எல்லாம் போச்சு"ன்னு சொல்லுவேன். அவ்வளவுதான் சொன்னது. நாலாம் நாள் அவளா எந்திரிச்சுப் போய் டிரம்முல தண்ணி ஊத்தினா. நான் கலந்து குடுத்தேன். கலக்காம விட்டா அவளுக்குப் பக்குவம் தெரியாதே, மரம் கருகிப் போயிருமே. ரெண்டு மரம் அடிச்சா, உக்காந்தா. எந்திரிச்சு ரெண்டு மரம். ஏழையும் முடிக்கறதுக்குச் சாயந்தரம் ஆயிருச்சு. முன்னெல்லாம் ஒரு மணி நேரத்துல முடிச்சுருவா.

ஆடிக் கடைசியில அவளால படுக்க முடியலை. படுத்தா மூச்சு நிக்குது. சுவத்துல சாஞ்சு உக்காந்தே இருப்பா. கோகிலவாணி காரோட வந்தா, கூட அந்தக் காத்து சிலிண்டரு. தாயைப் பல்லடத்துக்குத் தூக்கிட்டுப் போனாங்க. நாப்பத்திரண்டு படியும் மருமகன் தூக்கிட்டு எறங்கினாரு, "அத்தை கனமே இல்லை மாமா"ன்னாரு. நான் வரலையான்னு கேட்டாங்க. காயெல்லாம் நிறம் மாறற நேரம். விட்டா குரங்கு ஒண்ணை வெக்காது. பறிச்சு முடிச்சுட்டு வர்றேன்னு சொன்னேன். வேலாத்தாளும், "அவரு இருக்கட்டும் அம்மிணி"ன்னுதான் சொன்னா. கேளுங்க வேணும்னா.

அங்க போன பெறகுதான் எல்லாம் கெட்டுச்சு. எம்பொண்ணு அம்மாவைக் குளிக்க வெச்சிருக்கறா. காதுக்குப் பின்னாடி மடிப்புல நீலம் இருந்திருக்குது. தேச்சும் போகலை. இவ அந்த நீலத்தைப் பாத்துட்டு டாக்டர் பொண்ணுக்குப் போன் போட்டா. அந்தப் பொண்ணு உடனே, துத்தமான்னு கேட்டுருக்குது. எத்தனை வருசமான்னு கேட்டுருக்குது. அப்பறம், "ஆரம்பத்துலயே நிறுத்தியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது, நான் அவர்கிட்ட ரெண்டு தடவை கேட்டேனே"ன்னு சொல்லியிருக்குது.

அன்னிக்குச் சாயந்தரம் கோகிலவாணி எனக்குப் போன் பண்ணினா. சண்டை போடுவான்னு பாத்தேன். போடலை. "அப்பா, நாளைக்கு வாங்க. டாக்டர் இன்னும் மூணு நாலு நாள்தான்னு சொல்றாங்க"ன்னா. மூணு மரம் பறிச்சு முடிச்சிருந்தேன், நாலு பாக்கி. டாக்டர்கள் அப்படித்தான் சொல்லுவாங்க, பயமுறுத்துவாங்க. வியாழக்கிழமை வர்றேன்னேன். புதன்கிழமை மத்தியானம் போயிட்டா.

நான் போனப்பக் கெடத்தி வெச்சிருந்தாங்க. காதுக்குப் பின்னாடி நானும் பாத்தேனுங்க. யாரும் இல்லாத நேரமா ஒருக்கா விலக்கிப் பாத்தேன். இருந்தது. கொஞ்சூண்டுதான்.

கடைசியா ஏதாவது சொன்னாளான்னு கேட்டேன். கோகிலவாணி, "பறிச்சாச்சான்னு கேட்டாங்க"ன்னா. பதினாறு நாளும் என்கிட்டப் பேசலை. எனக்குச் சோறு போட்டா, தண்ணி வெச்சா, பேசலை.

அதுக்கப்பறந்தான் மிசின்காரனைக் கூட்டிட்டு வந்தது. நான் முதல் மரத்துக்கிட்டப் போய் நின்னு பாத்தேன். அந்தாள் மிசினை நிறுத்திட்டு அவளைப் பாத்தான். அவ வந்து என் கையைப் புடிச்சு, சின்னப் புள்ளையைக் கூட்டிட்டு வர்ற மாதிரி, இந்த வாசலுக்குக் கூட்டிட்டு வந்து விட்டா. "அப்பா, அந்த டாக்டர் உங்களை ரெண்டு தடவை கேட்டாங்க. அம்மா பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. நீங்க ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும்"ன்னா. சத்தமே இல்லாமச் சொன்னா. எனக்குச் சத்தம் போட்டிருந்தாக்கூடத் தேவலை.

ஸ்டேசனுக்குப் போனேன். எஸ்.ஐ. இடம் யார் பேருலன்னு கேட்டாரு. வேலாத்தா பேர்ல, அவ அதைப் பொண்ணு பேருக்கு எழுதி வெச்சிருக்கறா, எப்பவோ. எனக்கே தெரியாது. "பொண்ணு உங்களை வீட்டுல இருக்கச் சொல்லியிருக்கறாங்கல்ல, இருங்க பெரியவரே"ன்னு அனுப்பிட்டாரு.

சரி, நான் ஒண்ணும் சும்மா உக்காந்துக்கலை. இந்த மரம் லேசுல சாகாதுங்க. பங்குனியில பாத்தா ஏழு கட்டையிலயும் துளிர். கை மாதிரி தடிச்சுத் தடிச்சு வருது. நல்லதை வெச்சுட்டு மத்ததைக் கழிச்சு விட்டேன். போன வாரம் பாத்தேன், இலைக்கு அடியில அந்தச் செம்புள்ளி. எளந்துளிர், விட்டாப் பட்டுப் போகும். எனக்கு டேங்கு தூக்க முடியாது. எஸ்டேட் லைன் வீடுகள்ல அந்தோணியம்மான்னு ஒரு பொம்பளை, இலை பறிக்கறவ. வேலாத்தாளுக்குத் தெரிஞ்சவதான், மாதா கோயில் நோம்பிக்குப் பலகாரம் கொண்டு வருவா. அவளைக் கூப்பிட்டு விட்டேன். வந்தா.

நான் கலந்து வெச்சிருந்தேன். கத்தி விட்டுப் பாத்தாச்சு, சுத்தம். டேங்கை எடுத்து மாட்டிக்கிட்டா, நல்ல தெம்பான உடம்பு. மாட்டிட்டு, "ஐயா, மூஞ்சிக்குக் கட்ட ஒரு துணி குடுங்க"ன்னா.

எனக்கு நேரமாயிட்டிருந்தது, மேகம் கட்டுது. "துணியெல்லாம் எதுக்கு. பதினெட்டு வருசம் எஞ்சம்சாரம் அடிச்சா, ஒரு நாள் துணி கட்டினதில்லை"ன்னேன்.

அந்தோணியம்மா என்னை ஒரு மாதிரி பாத்தா. ஒரு தோள்ல பட்டையை உருவினா, இன்னொரு தோள்ல உருவினா, டேங்கை மெதுவாக் கீழ வெச்சா. சொட்டு சிந்தாம வெச்சா. வெச்சுட்டுப் படியில எறங்கிப் போயிட்டா. மறுநாள் வேற ரெண்டு பேரைக் கேட்டேன், வேலை இருக்குதுங்கறாங்க. லைன் பூராச் சொல்லிட்டா போல. இப்ப நான் ரோட்டுல போனாப் பொம்பளைங்க பேச்சை நிறுத்திக்கறாங்க.

நீங்களும் கிளம்பறீங்களா? இருங்க, மழை வருது. பாய், போறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. நான் அந்தப் பொம்பளைகிட்டப் பொய் சொல்லலீங்களே. டாக்டர்கிட்டச் சொன்னது பொய்ங்கறாங்க, சரி, இருந்துட்டுப் போகட்டும். ஆனா இது பொய் இல்லையே. எந்தக் கோயில்ல வேணும்னாலும் வந்து சொல்லுவேன். பதினெட்டு வருசம், அவ ஒரு துணி கட்டினதில்லை.